அடுத்த அறையில் இருக்கிறது ஆய்வுப்பொருள்

எம்.ஃபில். பட்டம் விடைபெற்ற பிறகு, மொழி, இலக்கியத் துறைகளில் ஆய்வுப் பயிற்சியின் முழுப் பொறுப்பும் முதுகலை மாணவரின் திட்டக்கட்டுரை மேல் வந்து விழுந்திருக்கிறது. அதைத் தாங்கும் வலு அதற்கு இருக்கிறதா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வாயில்களுக்கு எதிரே உள்ள டி.டி.பி. கடைகளில் இரவு வெகுநேரம் வரை விளக்கு அணைவதில்லை. நெறியாளர் சான்றிதழ், மாணவர் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், முன்னுரை தொடங்கி முடிவுரை வரை ஐந்து இயல்கள், துணைநூற்பட்டியல் என்று அச்சாகி வரும் தாள்கள் அடுக்கி வெட்டப்பட்டு, கெட்டி அட்டை ஒட்டப்பட்டு, முகப்பில் பொன்னிற எழுத்து பொறிக்கப்பட்டு, பசை காய்வதற்குள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்கின்றன. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அவற்றில் ஒரு படி துறை நூலகத்தின் இரும்பு அலமாரிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு வரும் மாணவர் பக்க அமைப்பைப் பார்த்துக்கொள்வதற்காக அதைப் புரட்டுகிறாரே தவிர, அதில் கண்டறியப்பட்டது என்ன என்று தெரிந்துகொள்வதற்காக அதைத் திறப்பவர் அரிது.

தமிழ், ஆங்கிலம், மொழியியல் ஆகிய துறைகளில் பயிலும் பல்லாயிரம் இளைஞர்களுக்கு, வாழ்நாளில் ஒரே பொருளைப் பற்றி மாதக்கணக்கில் சிந்தித்து நூறு பக்கம் எழுதும் வாய்ப்பு இந்த ஒரு முறைதான் கிடைக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் பின்னாளில் பள்ளியிலோ கல்லூரியிலோ மொழி கற்பிக்கப் போகிறவர்கள் என்பதால், அந்த நூறு பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பது அவர்களோடு நின்றுவிடும் செய்தி அன்று.

காணாமல் போன இடைப்படி

ஆய்வியல் நிறைஞர் என்று தமிழில் வழங்கிய எம்.ஃபில்., முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் நின்ற ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுப் படிப்பு. ஆய்வு நெறிமுறைகள் என்ற தாளைப் படிப்பது, ஒரு சிறு தலைப்பில் ஆய்வேடு எழுதுவது, அதைத் தேர்வாளர் முன்னால் நிலைநாட்டுவது என்பனவே அதன் உள்ளடக்கம். அந்தப் பட்டத்தின் தரம் குறித்து நியாயமான குறைகள் பல சொல்லப்பட்டன. ஆயினும் சிற்றூர்க் கல்லூரியில் முதுகலை முடித்த ஒருவர், குறிப்பாக வெளியூர் சென்று பல ஆண்டு தங்கிப் படிக்க வழியில்லாத பெண், வீட்டுக்கு அருகிலேயே ஆய்வு என்றால் என்ன என்பதை ஒருமுறை செய்து பார்ப்பதற்கு அதுவே இடமாக இருந்தது.

2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை அந்தப் படியை எடுத்துவிட்டது. நான்காண்டு இளங்கலையின் இறுதி ஆண்டில் ஆய்வுப் பயிற்சி அளிக்கப்படும் என்பது அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட ஏற்பாடு. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் இளங்கலை மூன்றாண்டாகவே தொடர்வதால், அந்த மாற்று இங்குள்ள மாணவருக்குக் கைக்கெட்டவில்லை. விளைவு வெளிப்படையானது. முதுகலை இறுதிப் பருவத்தில், மற்றத் தாள்களின் தேர்வுகளுக்கு நடுவே, ஐந்தாறு மாதத்தில் எழுதி முடிக்கப்படும் திட்டக்கட்டுரைதான் இன்று மாணவர் செய்யும் முதல் ஆய்வு. முனைவர் பட்டத்துக்குப் போகாதவர்களுக்கு அதுவே கடைசி ஆய்வும்கூட.

பெட்டிச் செய்தி: விதி சொல்வது

முனைவர் பட்டத்துக்கான இப்போதைய விதிமுறைகள் 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டன. எம்.ஃபில். வகுப்புகளை நடத்தக் கூடாது என்பதை 2023 டிசம்பரில் மானியக் குழு மீண்டும் பொது அறிவிப்பாக நினைவூட்டியது.

முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்த அளவு 3 ஆண்டுகள், மிகுந்த அளவு 6 ஆண்டுகள். ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம்.

கருத்துத் திருட்டுத் தடுப்புக்கான 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி எழுத வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு வரை மறுசமர்ப்பிப்புக்குத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும்.

தலைப்பு எங்கிருந்து வருகிறது

ஆய்வின் தரம் தலைப்பிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. தமிழ்த் துறைகளில் ஓர் ஆசிரியரின் நாவல்களை எடுத்துக்கொண்டு அவற்றில் சமுதாயச் சிக்கல்கள், பெண் பாத்திரங்கள், உவமைகள் என்று பிரித்துத் தொகுத்துக் காட்டும் தலைப்புகளும், ஆங்கிலத் துறைகளில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒருவரையோ புலம்பெயர்ந்த இந்திய எழுத்தாளர் ஒருவரையோ எடுத்துக்கொண்டு பின்காலனியம், பெண்ணியம், சூழலியம் ஆகிய கோட்பாடுகளுள் ஒன்றைப் பொருத்திக் காட்டும் தலைப்புகளும் நெடுங்காலமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் எந்தப் பொருளும் தன்னளவில் தாழ்ந்ததன்று. குறை எங்கே என்றால், விடை முன்கூட்டியே தெரிந்த நிலையில் வினா எழுப்பப்படுகிறது. பெண்ணிய நாவலில் பெண்ணியம் இருக்கிறது என்று நிறுவுவதற்கு ஆய்வு தேவையில்லை. மாணவர் தேடிக் கண்டு வியப்படைவதற்கான இடம் அந்தத் தலைப்பில் தொடக்கத்திலேயே அடைபட்டுப் போகிறது.

இதற்கு மாணவரைக் குறை சொல்வது அறமாகாது. நெறியாளர் தமக்குப் பழக்கமான பொருளைத் தருகிறார். கல்லூரி நூலகத்தில் இருக்கும் நூல்களை வைத்தே ஐந்து மாதத்தில் முடித்தாக வேண்டும். களத்துக்குப் போவதற்குப் பணமும் விடுப்பும் இல்லை. இந்த நெருக்கடிக்குள் நின்றுகொண்டே செய்யத்தக்க, ஆனால் விடை முன்பே தெரியாத வினாக்கள் உண்டா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. உண்டு, அவை பெரும்பாலும் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே கிடைக்கின்றன.

எட்டாம் வகுப்பின் கட்டுரை நோட்டு

ஆங்கிலம் கற்பித்தல் துறையில் பிழைப் பகுப்பாய்வு என்றொரு முறை இருக்கிறது. கற்பவர் செய்யும் பிழைகளைத் திரட்டி, வகைப்படுத்தி, அவை எதனால் நேர்கின்றன என்று விளக்குவது அதன் பணி. பிழை என்பது அழிக்கப்பட வேண்டிய கறை என்ற எண்ணத்தை 1967இல் மொழியியலாளர் எஸ். பிட் கார்டர் எழுதிய கட்டுரை மாற்றியது. கற்பவர் மனத்தில் மொழியின் விதிகள் எவ்வாறு உருவாகின்றன என்பதற்கு அந்தப் பிழைகளே சான்று என்று அவர் காட்டினார். 1972இல் மற்றொரு மொழியியலாளரான லாரி செலிங்கர் அந்த எண்ணத்தை மேலும் வளர்த்து, தாய்மொழியும் அல்லாத, இலக்கு மொழியும் ஆகாத, ஆனால் தனக்கென விதிகள் கொண்ட ஒரு நிலையைக் கற்பவர் அமைத்துக்கொள்கிறார் என்று கூறி, அதற்கு இடைமொழி என்று பெயரிட்டார்.

இந்தக் கோட்பாடுகள் முதுகலைப் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக உள்ளன. தேர்வில் அவற்றைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதும் மாணவர்கள் உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டை அந்தக் கண்ணோடு திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதில் 'யெஸ்டர்டே ஐ வென்ட் டு மார்க்கெட்' என்று இருக்கும். 'தி' என்ற சுட்டுச்சொல் இராது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று இருக்கும். முதல் பிழைக்கு, தமிழில் அத்தகைய சுட்டுச்சொல் இல்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். 'புத்தகம் வாங்கினேன்' என்பதும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதும் தமிழ் பேசுவோர் காதுக்கு ஒன்றல்ல. பின்னது, பேசுவோரும் கேட்போரும் முன்பே அறிந்த ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைச் சுட்டுகிறது. அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்பட்டு நிற்பதும் மறைந்து நிற்பதும், ஆங்கிலத்தில் 'தி' செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தமிழில் செய்கின்றன.

இங்கேதான் ஓர் உண்மையான ஆய்வு வினா பிறக்கிறது. உருபு வெளிப்பட்ட பத்து வாக்கியங்களையும் உருபு மறைந்த பத்து வாக்கியங்களையும் கலந்து கொடுத்து மாணவர்களை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், உருபு உள்ள வாக்கியங்களில் 'தி' கூடுதலாக வருமா? வந்தால், குழந்தை தன் தாய்மொழி அறிவைக் கருவியாகக் கொண்டு ஆங்கிலத்தைத் தொடுகிறது என்பதற்கு அது சான்று. ஆசிரியர் அந்த உருபைப் பிடித்தே சுட்டுச்சொல்லைக் கற்பிக்கலாம். வராவிட்டால், வேற்றுமை வழியாகக் கற்பிக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். இரண்டு விடைகளும் பயனுள்ளவை. இருபது வாக்கியம், நாற்பது குழந்தைகள், இரண்டு பாடவேளை, அதன்பின் பொறுமையாக எண்ணிக் கணக்கிடும் உழைப்பு: ஒரு முதுகலை மாணவரின் ஐந்து மாதத்துக்கு இது அளவான வேலை.

எல்லாப் பிழையையும் தாய்மொழியின் தலையில் கட்டிவிடும் ஆபத்தும் இதில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 'கோ' என்பதன் இறந்தகாலத்தை 'கோ-எட்' என்று எழுதும் தமிழ்க் குழந்தை தமிழின் தாக்கத்தால் அப்படி எழுதவில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ஒரு பருவத்தில் அதே பிழையைச் செய்கிறார்கள். ஒரு விதியைக் கண்டுபிடித்து அதை வேண்டாத இடத்துக்கும் நீட்டுவது கற்றலின் அடையாளம். தாய்மொழிக் குறுக்கீட்டால் வந்தது எது, கற்கும் மொழியின் உள்ளிருந்தே வந்தது எது என்று பிரித்தறியும் பயிற்சியைப் பெற்ற ஒருவர் நாளை ஆசிரியரானால், அவர் கையிலுள்ள சிவப்பு மையின் வேலை வேறாக இருக்கும். இளம் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த முன்தயாரிப்பு வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பெட்டிச் செய்தி: தென்னிந்திய வகுப்பறையில் பிறந்த முறை

உலகெங்கும் இன்று செயல்வழி மொழி கற்பித்தல் என்று பேசப்படும் முறையின் முதன்மையான தொடக்கங்களுள் ஒன்று தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது. ஆங்கிலம் கற்பித்தல் அறிஞரான என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய முயற்சி 'பெங்களூரு திட்டம்' என்றே ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

இலக்கணத்தை விதியாகச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையைப் படித்து வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகளைக் கொடுத்து, பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதே மொழி படியும் என்ற எண்ணம் அங்கே சோதிக்கப்பட்டது. அந்த அனுபவத்தைப் பிரபு 1987இல் நூலாக வெளியிட்டார்.

சுவருக்கு அப்பால் தமிழ்த் துறை

மேற்கண்ட வினாவை எழுப்புவதற்கு வேற்றுமை உருபு பற்றிய தமிழ் இலக்கண அறிவு வேண்டும்; அந்த அறிவு பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலத் துறைக்கு அடுத்த அறையில் இருக்கிறது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று பலர் சொல்வது ஏன் என்பதற்கான விளக்கமும் அங்கேதான் இருக்கிறது: தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்யெழுத்து தனித்து நிற்காது, உயிரோடு கூடியே வரும் என்று தொல்காப்பியம் வகுத்த விதி, இன்றும் தமிழ் நாவில் உயிரோடு செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆங்கில ஒலிப்புப் பயிற்சிக்கு மொழிமுதல் எழுத்துகள் பற்றிய நூற்பா துணையாக முடியும் என்பதை இரு துறை மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் கண்டுகொள்வார்கள். ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர்கள் சேர்ந்து உட்காரும்படியான ஏற்பாடு இல்லை. மொழித் துறைகளின் ஆய்வுக்கு நேர்ந்திருக்கும் மிகப் பெரிய இழப்பு இந்தப் பிரிவினைதான்.

இலக்கிய ஆய்விலும் இதே நிலை. எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழில் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தபின் இந்தியாவின் பல ஆங்கிலத் துறைகளில் அது பாடமாயிற்று. எழுத்துத் தமிழின் ஒழுங்கைத் துணிந்து விலக்கி, ஊரின் பேச்சுமொழியில் எழுதப்பட்ட நூல் அது. அந்தப் பேச்சின் ஒலியும் மரியாதை வழக்குகளும் ஆங்கிலத்தில் எவ்வாறு ஆயின என்பதை மதுரையிலோ விருதுநகரிலோ படிக்கும் மாணவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி வைத்துச் சோதித்துச் சொல்ல முடியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த மாணவர் மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கோட்பாட்டு நூல்களின் மேற்கோள்களால் இயலை நிரப்பி, தம் தாய்மொழியறிவை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு ஆய்வேடு எழுதும்படி பழக்கப்படுத்தப்படுகிறார். இது வருந்தத்தக்கது.

தமிழ்த் துறைக்கும் கிட்டத்தில் பொருள் உண்டு. குறுந்தொகையின் முதற்பதிப்பைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் வெளியிட்டார், உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. சுவடிகளை ஒப்பிட்டு ஈவா வில்டன் உருவாக்கிய ஆய்வுப்பதிப்பு 2010இல் வெளியாயிற்று. பாடவேறுபாடு என்பது ஒரே பாட்டின் ஒரே இடத்தில் வெவ்வேறு சுவடிகளும் பதிப்புகளும் வெவ்வேறு சொற்களைக் காட்டுவது. பத்தே பாட்டுகளை எடுத்து, இந்த மூன்று பதிப்புகளிலும் பாடம் எங்கே மாறுகிறது, மாறும்போது பொருள் எப்படித் திரும்புகிறது, ஒவ்வொரு பதிப்பாசிரியரும் எதை ஏற்றார் என்று எழுதும் மாணவர், நானூறு பாட்டிலிருந்தும் உவமைகளைத் திரட்டி அடுக்குபவரைவிடப் பல மடங்கு கற்றுக்கொள்வார். பழைய பதிப்புகளைத் தேடி அலையும் காலமும் இப்போது இல்லை: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல கிடைக்கின்றன, சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சுத் தமிழின் பெருங்களஞ்சியமாக இருக்கிறது.

துறைச் சுவரைத் தாண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு முன்மாதிரிகளுக்கும் பஞ்சமில்லை. இலங்கைத் தமிழரான க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் நெறியில் ஆய்வு செய்து, கிரேக்கக் காவியங்களைப் பற்றிய வாய்மொழிப் பாடல் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களோடு வைத்துப் பார்த்தார். 1968இல் ஆங்கிலத்தில் நூலாக வந்த அந்த முனைவர் பட்ட ஆய்வின் முடிவுகளை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் அதைக் கடக்காமல் போக முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று நெல்லையில் ஆய்வுக் குழு அமைத்த நா. வானமாமலை, 'ஆராய்ச்சி' இதழை நடத்தி, நாட்டுப்பாடல்களைக் களத்திலிருந்து திரட்டி, இளைஞர் பலரை ஆய்வாளர்களாக்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தனித் துறையாகவே வளர்ந்தது.

வெளியீடு என்னும் சந்தை

ஆய்வு மாணவரின் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளில் ஒரு வகை எல்லோருக்கும் பழகியது: கட்டுரையை அனுப்பினால் சில நாள்களில் வெளியீடு, சான்றிதழ் உடனடி, கட்டணம் இவ்வளவு. 2016 விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் இதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரையாவது படிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. நல்நோக்கத்தோடு வந்த விதி, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுத்தது. மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் 'கேர்' என்ற பெயரில் புதிய பட்டியலை ஏற்படுத்தியது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. 2022 விதிமுறைகளில் வெளியீட்டுக் கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், ஆசிரியர் பணித் தேர்வில் கட்டுரைகளுக்கு மதிப்பெண் இருக்கும் வரை சந்தை ஓயப்போவதில்லை. உதவித்தொகை எதுவும் இல்லாமல் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு ஆய்வு செய்பவர் அந்தக் கட்டணத்தையும் தம் சம்பளத்திலிருந்துதான் கட்டுகிறார்.

ஒப்புமை காட்டும் மென்பொருள்களும் முழுக் காவல் ஆகமாட்டா. அவை சொற்களின் வரிசையைச் சொற்களின் வரிசையோடு ஒப்பிடுபவை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துத் தம் பெயரில் வைத்துக்கொண்டவரை அவை எளிதில் பிடிப்பதில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் மேலும் ஒரு கேடு சேர்ந்தது: யாரும் எழுதாத நூல்கள் துணைநூற்பட்டியலில் இடம்பெறும் நிலை. விடை முன்பே தெரிந்த தலைப்புகளில் ஐந்து இயல்களை இயந்திரம் நொடியில் எழுதித் தந்துவிடும் என்பதால், அத்தகைய தலைப்புகளைக் கொடுப்பதன் பொருளின்மை இப்போது யாருக்கும் மறைவாக இல்லை. குறிப்பிட்ட ஒரு பள்ளியின் நாற்பது குழந்தைகள் குறிப்பிட்ட ஒரு நாளில் எழுதிய இருபது வாக்கியங்கள் எந்த இயந்திரத்திடமும் இல்லை. அவற்றை மாணவர் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

ஆய்வேடு சேர வேண்டிய இடம்

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்று ஒரு பொதுவீடு உண்டு. காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் 'ஷோத்கங்கா' என்ற மின்களஞ்சியத்தில் நாடெங்கிலும் இருந்து வந்த ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் திறந்து கிடக்கின்றன. தலைப்பு முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் அதில் தேடுவதை ஒவ்வொரு துறையும் கட்டாயமாக்கினால், ஏற்கெனவே எழுதியதையே மீண்டும் எழுதும் வீண் உழைப்பு பெருமளவு குறையும். முதுகலைத் திட்டக்கட்டுரைகளுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. ஒரு துறை தன் மாணவர்களின் கட்டுரைகளையும், அதைவிட முக்கியமாக அவர்கள் திரட்டிய தரவுகளையும், தன் கணினியில் ஒழுங்குபடுத்தி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தரவு என்பது முடிவுக்கு அடிப்படையான மூலப்பொருள்: குழந்தைகள் எழுதிய வாக்கியங்கள், பதிவு செய்த பேச்சு, ஒப்பிட்ட பாடங்கள்.

பள்ளிக்குள் போகும் ஆய்வுக்கு முறைமைகள் உண்டு. தலைமையாசிரியரின் இசைவும் கல்வி அலுவலரின் அனுமதியும் முதலில் வேண்டும். குழந்தைகளின் பெயரைத் தாளிலிருந்து நீக்கி எண் கொடுக்க வேண்டும். பிழை செய்த குழந்தையோ கற்பித்த ஆசிரியரோ ஆய்வேட்டில் அடையாளம் காணப்படக் கூடாது. ஆய்வு முடிந்ததும், கண்டறிந்தவற்றைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியருக்குக் கொடுப்பதை மதிப்பெண்ணுக்குரிய பகுதியாகவே ஆக்கிவிடலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர், முன்னவர் விட்டுச் சென்ற தரவோடு அதே குழந்தைகளின் ஒன்பதாம் வகுப்புக்குப் போய், அதே இருபது வாக்கியங்களைக் கொடுத்து, ஓராண்டில் எது மாறியது என்று பார்க்கலாம். அதற்கடுத்தவர் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். மூன்று திட்டக்கட்டுரைகள் இப்படித் தொடர்ந்து வந்தால், தமிழ்க் குழந்தை ஆங்கிலத்தின் சுட்டுச்சொல்லை எந்த வரிசையில் கற்றுக்கொள்கிறது என்பதை அந்த ஊர் ஆசிரியரிடம் தரவோடு சொல்ல ஒரு கல்லூரியால் முடியும்.